குலாலர் வீட்டுக் குடம்

கார்த்திகைத் தீபம் நெருங்குந்தோறும் திருவண்ணாமலையிலும் அதனை அடுத்த நமது வேங்கிக்காலிலும் நம்மவர் வீட்டு முற்றங்கள் அகல் விளக்குகளால் நிறைந்திருத்தல் யாவரும் அறிந்ததே. 2,668 அடி உயரமுள்ள மலையுச்சியிற் கொப்பரையில் மகாதீபம் ஏறும் அதே வேளையில், கீழே எண்ணிறந்த இல்லங்களின் வாயிலிலும் மாடத்திலும் நம் கையால் வனைந்த சிறு அகலிற் சுடர் நிற்கின்றது. அதனைக் காணும்போது நம் நெஞ்சம் பெருமிதங் கொள்ளுதல் இயல்பே. ஆயினும், அகல்கள் வெயிலிற் காய்ந்துகொண்டிருக்கும் அம்முற்றத்தின் மூலையில், நாமும் நம் மக்களும் பருகும் தண்ணீர் எக்கலத்தில் நிரப்பி வைக்கப்பட்டிருக்கின்றது என்று சற்றே திரும்பிப் பார்ப்போமாயின், அப்பெருமிதம் குன்றவே செய்யும். அங்கே நிற்பது பெரும்பாலும் பச்சையோ நீலமோ சிவப்போ ஆகிய நிறமுடைய பிளாஸ்டிக் குடமே ஆகும். குயவன் வீட்டிற்குக் குடம் கடையிலிருந்து விலைக்கு வந்தது எவ்வாறு என்பதனையும், அதனால் விளைவது யாது என்பதனையும், இனி நாம் செய்யத் தக்கது யாது என்பதனையும் சரித்திர முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் தொழிலுக்கு விளம்பரஞ் செய்யும் பொருட்டே இதனை எழுதுகின்றோம் என்று சிலர் ஐயுறக்கூடும். அவ்வையம் வேண்டுவதில்லை. மண்ணைப் போலவே பித்தளையும், செம்பும், எவர்சில்வரும், பனையோலையும், வாழையிலையும் ஈண்டுப் பேசப்படும். அவற்றுள் எதனையும் செய்து விற்பவர் நாம் அல்லேம். நம் மக்களின் தேக க்ஷேமமே இங்குத் தலைமையான விஷயம். தொழிலின் நன்மை அதனைப் பின்தொடர்ந்து வருமாயின் அதனை வேண்டாமென்று தள்ளவும் மாட்டோம்.

முதற்கண் நம் மரபின் தொன்மையைச் சுருங்கக் கூறுவாம். முன்னாளில் நம்மூரைப் போலவே வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த பையம்பள்ளி என்னும் ஊர் திருப்பத்தூருக்கு அருகில் உள்ளது. அங்கே 1960-களில் இந்தியத் தொல்பொருள் இலாகாவினர் அகழ்ந்தபோது, புதிய கற்காலத்து மக்கள் பயன்படுத்திய சாம்பல்நிற மட்கலங்களும், அவற்றிற்கு மேலடுக்கில் பிற்காலத்துக் கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் கிடைத்தன. தெற்கே தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாந்தர் ரே என்பார் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழிகளை அறியாதார் இலர். வைகைக் கரையிற் கீழடியில் 2014-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் அகழ்வில் தமிழி எழுத்திற் பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. அவற்றிற் காணும் பெயர்களுள் ஆதன் என்பதும் ஒன்று. இரும்பு துருவேறி உதிர்ந்துபோகும். மரமும் ஓலையும் மக்கி மறையும். ஆனால் சுட்ட மண்ணோ ஈராயிரம் ஆண்டு நிலத்தடியிற் கிடந்தும் தன்னையே ஒத்திருக்கும். நம் முன்னோர் உண்டதும் சமைத்ததும் எழுத்தறிந்திருந்ததும் இன்று நமக்குத் தெரிவது, பெரும்பாலும் அவர்கள் உடைத்துப் போட்ட சட்டி பானைகளின் ஓடுகளாலேயே என்பதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

இலக்கியத்திலும் நம்மவர்க்கு இடமுண்டு. வெண்ணிப் பறந்தலைப் போரிற் கரிகாலன் பெற்ற வெற்றியைப் பாடி, தோற்று வடக்கிருந்த சேரனுடைய மானத்தை அவ்வெற்றியினும் மேலாக வைத்த வெண்ணிக் குயத்தியார் நம் குலத்துப் பெண்மணியே என்பது பெயராலேயே விளங்கும். வளவன் ஒருவன் மறைந்தபோது, அவனை அடக்கஞ் செய்யத் தகும் அளவிற்குப் பெரிய தாழியை உன்னால் வனைய முடியுமோ என்று ஐயூர் முடவனார் வினவியதும் ஒரு குயவரை நோக்கியே. அறுபத்துமூவருள் ஒருவராகிய திருநீலகண்ட நாயனாரோ தில்லையில் மண்கலஞ் செய்து வாழ்ந்து, அடியார்க்குத் திருவோடு அளித்தலையே தொண்டாகக் கொண்டவர். சிவயோகியார் ஒருவர் தம் ஓட்டினை அவரிடம் அடைக்கலமாகக் கொடுத்துப் பின் கேட்க, அது காணாமற்போன வரலாறு நம் குழந்தைகளும் அறிந்ததே. பொன்னாற் செய்து கொடுப்பினும் வேண்டேன், நான் கொடுத்த மண்ணோடே வேண்டும் என்று யோகியார் பிடிவாதஞ் செய்தார் என்று புராணங் கூறும். மண்கலத்தின் மதிப்பை இதனினும் உயர்வாகச் சொல்லுதல் அரிது.

இனி, ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் பக்கத்துச் சமையலறை எவ்வாறிருந்தது என்று பார்ப்போம். குடிநீர் மண்பானையிலும் செப்புக் குடத்திலும் இருக்கும். சோறு பானையிலும், குழம்பு சட்டியிலும் வேகும். தயிர் மண்சட்டியில் உறையும். ஊறுகாய் பீங்கான் சாடியிலும், உப்பு மரவையிலும், புளி பானையிலும், தானியம் குதிரிலும் இருக்கும். அள்ளுதற்குக் கொட்டாங்கச்சி அகப்பை, புடைத்தற்கு முறம், வைத்தற்கு ஓலைப்பெட்டி, உண்பதற்கு வாழையிலை, அஃதில்லாவிடில் தைத்த மந்தார இலை. கடைத்தெருவிற்குத் தூக்கும் துணிப்பையும் கொண்டு செல்வர். இவற்றுள் ஒவ்வொன்றும் ஊரிலேயே ஒரு கைத்தொழிலாளியாற் செய்யப்பட்டது. பழுதுற்றபோது மண்ணிலோ அடுப்பிலோ கன்னானது உலையிலோ மீண்டும் சேர்ந்தது. இதனாற் பழங்காலமே பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. அக்காலத்து வாந்திபேதியும், சிசு மரணமும், பெண்டிர் கிணற்றில் நீரிறைத்துச் சுமந்த பாடும் நாம் மறக்கத் தக்கன அல்ல. வீட்டில் உணவைத் தொட்டிருந்த பொருள்கள் இன்னின்ன என்பதனை மட்டுமே ஈண்டுக் குறிக்கின்றோம்.

இவ்வொழுங்கை முதலில் அசைத்தது உலோகமே. 1898-ஆம் ஆண்டிற் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் துரை அலுமினியப் பாத்திர வேலையைத் தொடங்கினார். இலேசானதும் உடையாததுமாகிய அப்பாத்திரம் சோற்றுப் பானையின் இடத்தை மெல்லமெல்லப் பற்றிக்கொண்டது. பின்னர் எனாமல் பூசிய தகரக் கலங்களும், நாடு விடுதலையடைந்த பின்னர் எவர்சில்வரும் வந்தன. இவற்றால் நம் தொழில் மெலிந்ததென்பது மெய்யே. ஆயினும் தண்ணீர்ப் பானையும், தயிர்ச் சட்டியும், பொங்கற் பானையும் நம்மிடமே தங்கின. அவற்றையும் பெயர்த்தது பிளாஸ்டிக்காகும்.

பிளாஸ்டிக்கின் பிறப்பு நல்லெண்ணத்தோடு கூடியது என்பது பலர்க்கும் வியப்பளிக்கும். பில்லியர்ட்ஸ் என்னும் விளையாட்டுக்குரிய பந்துகளை யானைத் தந்தத்தாற் செய்துவந்த காலத்தில், அதற்கு மாற்றுத் தேடி அமெரிக்க தேசத்து ஜான் ஹையட் என்பவர் 1869-ஐ ஒட்டிச் செல்லுலாயிடு என்னும் பொருளைச் சமைத்தார். முற்றிலும் செயற்கையாகிய முதற் பிளாஸ்டிக்கை 1907-ல் லியோ பேக்லாண்டு கண்டார். அவர் பெயராலேயே அது பேக்லைட் எனப்பட்டது. நாம் இன்று பையாகவும் குடமாகவுங் காணும் பாலிதீன், 1933-ல் இங்கிலாந்தில் வின்னிங்டன் என்னும் ஊரின் இரசாயனச் சாலையில், வேறொன்றைத் தேடிச் செய்த சோதனையில் எதிர்பாராமல் விளைந்த வெண்ணிற மெழுகு போன்ற பொருளாகும். 1953-ல் ஜெர்மனியிற் சீக்லர் என்பவர் அதனைக் கெட்டியாகச் செய்யும் வழியையும், மறு ஆண்டில் இத்தாலியில் நட்டா என்பவர் பாலிப்புரோப்பிலீனையும் கண்டனர். இருவர்க்கும் 1963-ல் நோபெல் பரிசு கிடைத்தது. குடமும் வாளியும் டப்பாவும் செய்யத் தக்க பிளாஸ்டிக் இவ்வாறே உண்டாயிற்று. நமது தேசத்தில் 1969-ல் பரோடாவில் அரசாங்கத்தின் பெட்ரோ கெமிகல்ஸ் கம்பெனி நிறுவப்பட்டது. அடுத்து வந்த இருபது ஆண்டுகளுக்குள் பிளாஸ்டிக் சாமான் குக்கிராமத்துச் சந்தை வரையிற் பரவிவிட்டது.

நம் வீட்டு ஸ்திரீகள் அதனை ஏன் விரும்பினர்? இவ்விஷயத்தில் அவர்கள்மேற் குற்றஞ் சுமத்துதல் அறமாகாது. நமது பிரதேசம் வற்றாத ஆறில்லாதது. ஏரியையும் மழையையும் நம்பியது. கோடை முற்றி ஏரி வறண்டு கிணறு அடிகண்டபோது, குழாயடியிலும் லாரியடியிலும் மணிக்கணக்காகக் காத்து நின்றவர்கள் பெண்களே. பதினைந்து லிட்டர் தண்ணீரே பதினைந்து கிலோ கனமுடையது. அதன்மேற் பித்தளையின் பாரமும் சேர்ந்தால் இடுப்பு என்னாகும்? மண்குடமோ நெரிசலில் ஒரு மோதலுக்கு உடையும். இலேசாய், உடையாததாய், வரிசையில் வைத்துவிட்டு வந்தாலும் எவரும் திருட விரும்பாத மலிவுடையதாய்ப் பிளாஸ்டிக் குடம் வந்தபோது அவர்கள் அதனை வாங்கிக்கொண்டது நியாயமே. அவர்கள் சுமந்த பாரத்தைக் குறைக்க ஆடவராகிய நாம் ஒன்றுஞ் செய்யவில்லை, பிளாஸ்டிக் செய்தது. இதனை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசுதல் பயனற்றது.

நம் குலத்தாரும் இதற்கு விலக்காகவில்லை. பானை விலைபோகாதபடியால் பலர் திகிரியை விட்டனர். சிலர் செங்கற் சூளைக்கும், சிலர் கட்டட வேலைக்கும், படித்தவர் உத்தியோகத்திற்கும் சென்றனர். ஏரிமண் எடுக்க அனுமதிக்கு அலைந்து சலித்தோர் பலர். விறகின் விலையும் ஏறிற்று. எஞ்சினோர் ஆண்டிற்கு இருமுறை, அதாவது பொங்கலுக்கும் தீபத்திற்கும் மட்டும் சக்கரஞ் சுற்றுவோராயினர். வனைவோர் வீட்டிலேயே தண்ணீர்ப் பானை மறைந்தபின், அதனை வாங்கவேண்டுமென்று பிறர்க்குச் சொல்ல எவர்க்கு நா எழும்?

நிற்க. வழக்கம் மாறினால் மாறட்டும், அதனாற் கேடு யாது என்று கேட்பார்க்கு விடை கூறல் வேண்டும். இதனைப் பயமுறுத்தாமலும் மறைக்காமலும் சொல்லுதலே முறை.

பிஸ்பினால்-ஏ என்பது ஓர் இரசாயனப் பொருள். 1891-ல் ருஷிய தேசத்து டியானின் என்பவர் இதனை முதலிற் செய்தார். 1936-ல் லண்டனில் டாட்ஸ் என்னும் வைத்திய ஆராய்ச்சியாளர், இது பெண்மைக்குரிய சுரப்புநீரைப் போலத் தேகத்தில் வேலை செய்யவல்லது என்று கண்டறிந்தார். அவ்வாறு கண்டிருந்தும், 1953-ல் இதனையே மூலப்பொருளாகக் கொண்டு பாலிகார்பனேட் என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் செய்யப்பட்டது. அப்பிளாஸ்டிக்காற் குழந்தைகளின் பாற்புட்டிகளும் செய்யப்பட்டன. சூடான பாலோ நீரோ ஊற்றும்போது அப்பொருள் சிறிது சிறிதாகக் கசிந்து இறங்குகின்றது. கானடா அரசாங்கம் 2010-லும், ஐரோப்பிய ஒன்றியத்தார் 2011-லும், இந்தியத் தர நிர்ணயத்தார் 2015-லும் பாற்புட்டியில் இதனை விலக்கினர். 2024-ன் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தார் உணவைத் தொடும் பொருள்கள் அனைத்திலுமே இதனை விலக்கும் சட்டஞ் செய்தனர். ஒரு பொருளின் குணம் தெரிந்த நாளுக்கும் அது குழந்தையின் வாயிலிருந்து எடுக்கப்பட்ட நாளுக்கும் இடையே எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன என்பது சிந்திக்கத் தக்கது.

நமது குடம் பாலிகார்பனேட்டால் ஆனதன்று, பாலிதீனாலானது. அதில் இப்பொருள் சேர்வதில்லை என்று சொல்லலாம். சொல்வது மெய்யே. ஆயினும் மலிவான குடங்களுட் பல, எதெதற்கோ பயன்பட்ட பழம் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்தவை. மேலும், எவ்வகைப் பிளாஸ்டிக்காயினும் வெயிலாலும் சூட்டாலும் தேய்ப்பாலும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை உதிர்க்கின்றது. அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் டிரினிட்டி கல்லூரியார் 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பாலிப்புரோப்பிலீன் பாற்புட்டியில் வெந்நீர் இட்டுக் குலுக்கும்போது லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் வரை துகள்கள் உதிர்வதாகக் கண்டனர். நம் தேசத்துக் கரக்பூர் ஐ.ஐ.டி.யார் அதே ஆண்டில், காகிதக் கோப்பையைச் சோதித்தனர். அக்கோப்பையின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அதிற் சூடான நீர் 100 மில்லி லிட்டரை 15 நிமிஷம் வைத்திருந்தால் சுமார் 25,000 துகள்கள் நீரில் இறங்குகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. காகிதமென்று நம்பித் தேநீர் அருந்துவோர் இதனைக் கருதல் வேண்டும். அமெரிக்காவிற் கொலம்பியா சர்வகலாசாலையார் 2024-ல் புட்டித் தண்ணீரைச் சோதித்து, லிட்டருக்குச் சராசரி 2,40,000 துகள்கள் வரை எண்ணினர்.

இத்துகள்கள் தேகத்துள் தங்குகின்றனவா? 2022-ல் நெதர்லாந்தில் 22 பேருடைய இரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடத்தில் இவை காணப்பட்டன. 2024-ல் இத்தாலி தேசத்து வைத்தியர்கள், கழுத்து இரத்தக்குழாயில் அடைப்பு நீக்கப்பட்ட 257 நோயாளிகளை மூன்றாண்டளவு கவனித்து வந்தனர். அவர்களுள் 150 பேருடைய அடைப்பிற் பாலிதீன் இருந்தது. அவ்வாறிருந்தோர்க்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, இல்லாதார்க்கு நேர்ந்ததனினும் நாலரை மடங்கு மிகுதியாயிருந்தது. இது கொண்டு பிளாஸ்டிக்கே மாரடைப்பை உண்டாக்குகின்றது என்று தீர்ப்புச் சொல்லிவிடுதல் கூடாது. அவ்வைத்தியர்களும் அவ்வாறு சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதே அவர்கள் சொன்னது. ஆயினும் நெருப்பென்று நிச்சயமாகும் வரை புகையிற் குழந்தையைப் படுக்கவைப்பார் உண்டோ? ஐயமுள்ள இடத்திற் செலவின்றி விலகக்கூடுமாயின் விலகுவதே விவேகம்.

இனி, சர்க்கார் செய்தது யாது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டசபையில் அறிவித்தபடி, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை தடுக்கப்பட்டன. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தட்டும் அவற்றுள் அடங்கும். 2021 டிசம்பர் 23-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கினார். மத்திய சர்க்காரின் தடை 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1989-ல் நமது ஜில்லா தனியாகப் பிரிக்கப்பட்டபின் கலெக்டர் அலுவலகம் நம் வேங்கிக்காலில் அமைந்திருப்பதால், சர்க்கார் உத்தரவுகள் நம் வாயிலுக்கு முதலில் வருவன என்றே சொல்லலாம். எனினும், பௌர்ணமி கழிந்த மறுநாட் காலையிற் கிரிவலப் பாதையின் ஓரங்களைக் காண்போர், உத்தரவு மட்டும் போதாதென்பதை உணர்வர். மேலும் இச்சட்டங்கள் எறியும் பொருளைப் பற்றியவை. வீட்டினுள் ஆண்டுக்கணக்காக நிற்கும் குடத்தையும், ஊறுகாய் டப்பாவையும், குழந்தையின் புட்டியையும் இவை தொடுவதில்லை. அங்கே ஆட்சி செய்பவர் இல்லத்தரசியும் இல்லத் தலைவருமே.

உத்தரவின் எல்லைக்கு மற்றொரு சான்றுங் கூறுவோம். 2004-ல் ரயில்வே மந்திரியாயிருந்த லாலு பிரசாத், ரயில் நிலையங்களில் மண்கோப்பையிலேயே தேநீர் கொடுக்கவேண்டுமென்று ஏற்பாடு செய்தார். வட தேசத்துக் குலாலர் பெரிதும் மகிழ்ந்தனர். ஆயினும் சில ஆண்டுகளில் அவ்வேற்பாடு தளர்ந்துபோயிற்று. மேலிருந்து வரும் ஆணை அதனை இட்டவரோடு போய்விடும்; மக்களின் வழக்கமாக வேரூன்றினாலன்றி அது நிலைக்காது. அவ்வழக்கத்தை உண்டாக்க வேண்டுமாயின், முதலில் அது குலாலர் வீட்டில் உண்டாதல் வேண்டும். நாம் வாழாத வாழ்க்கையைப் பிறர்க்கு விற்க இயலாது.

அங்ஙனமாயின், நாளையே வீட்டிலுள்ள பிளாஸ்டிக்கையெல்லாம் தெருவில் எறிந்துவிட வேண்டுமோ எனின், வேண்டா. அது குப்பையைப் பெருக்குவதேயன்றி வேறன்று. ஏழைக் குடும்பத்திற்கு வீண் செலவுமாகும். சூடு, எண்ணெய், புளிப்பு, நெடுநாள் ஆகிய இந்நான்கும் பிளாஸ்டிக்கிலிருந்து பொருள்களைக் கசியவும் உதிரவும் செய்வன என்பதை மனத்திற்கொண்டு, இவை கூடுமிடத்தில் மட்டும் முதலில் மாற்றுவோமாக.

முதலாவது, குழந்தையின் பால். எவர்சில்வர்ப் பாலாடையும், கண்ணாடிப் புட்டியும் எளிதிற் கிடைப்பன. கொதிக்கவைத்துக் கழுவுதற்கும் அவையே ஏற்றவை.

இரண்டாவது, சூடான உணவு. கடையிலிருந்து குழம்பும் தேநீரும் பாலிதீன் பையிற் கட்டி வருதலை அறவே நிறுத்தி, பழையபடி தூக்குப் பாத்திரங் கொண்டு செல்லுதல் வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு எவர்சில்வர் டப்பாவிற் சோறு கட்டுக. இட்டிலித் தட்டிற் பிளாஸ்டிக் தாளை விரிக்கும் வழக்கம் சில இடங்களிற் காணப்படுகின்றது. ஈரத்துணியே நம் பாட்டிமார் இட்டது, அதுவே நன்று.

மூன்றாவது, ஊறுகாயும் எண்ணெயும் புளியும். இவை மாதக்கணக்காகத் தங்குவன. பீங்கான் சாடியும், கண்ணாடிப் புட்டியும், எவர்சில்வர்த் தூக்கும் இவற்றிற்கு உரியன. தயிரை மண்சட்டியில் உறையவிடுக. மிகுந்த நீரை மண் உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கட்டியாக நிற்பதனையும், கோடையிலும் அது விரைவிற் புளித்துவிடாததனையும் சுவைத்தே அறியலாம்.

நான்காவது, தண்ணீர். குழாயிலிருந்து வீடு வரை சுமந்து வருதற்குப் பிளாஸ்டிக் குடம் இருக்குமாயின் இருக்கட்டும். சில நிமிஷத்திற்குப் பெருங்கேடில்லை. ஆனால் கொண்டுவந்த நீரை இரவும் பகலும் அதிலேயே வைத்திராமல், மண்பானையிலோ செப்புக் குடத்திலோ எவர்சில்வர்த் தவலையிலோ ஊற்றிவிடுதல் வேண்டும். இவ்வொரு சிறு செயலாற் பெண்களின் பாரமும் மிகாது. பருகும் நீரும் தூயதாகும். மண்பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் வெளிப்பக்கத்திற் கசிந்து ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் உடன் கொண்டு செல்கின்றது. ஆதலால் மின்சாரச் செலவின்றித் தண்ணீர் குளிர்கின்றது. பிளாஸ்டிக் குடத்திற்கு அத்துளை இல்லை. அதனால் அக்குளிர்ச்சியும் இல்லை.

மற்றவை மெல்ல மாறலாம். பிளாஸ்டிக் துடைப்பம் தேய்ந்தபின் தென்னந்துடைப்பமும், நார்போல் உதிரும் பச்சைத் தேய்ப்பான் தேய்ந்தபின் தேங்காய் நாரும், கூடை கிழிந்தபின் பனையோலைப் பெட்டியும் வாங்குக. ஒவ்வொன்றும் பழுதுறும்போது அதனிடத்தில் இயற்கைப் பொருள் புகுமாயின், சில ஆண்டுகளில் வீடு தானே மாறிவிடும். கையைக் கடிக்கும் செலவும் இராது.

மண்பாண்டத்தைப் பற்றியும் சில எச்சரிக்கைகள் உண்டு. தம் சரக்கின் குறையை மறைப்பவன் நல்ல வியாபாரி ஆகான். பளபளப்பான வண்ணக் கண்ணாடிப் பூச்சிட்ட மட்கலங்களிற் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதுண்டு. ஈயமோ குழந்தைகளின் மூளைக்குக் கொடிய நஞ்சு. ஆகையால் உணவுக்கும் நீருக்கும் பூச்சில்லாத பானையையே கொள்க. அழகு கருதி உட்புறத்தில் எண்ணெய்ச் சாயம் தீட்டிய பானையை நம்மவர் விற்றலும் கூடாது, பிறர் வாங்குதலும் கூடாது. புதுப்பானையை ஒருநாள் முழுதும் நீரில் ஊறவைத்துக் கழுவிய பின்னரே பயன்படுத்துக. சில நாட்களுக்கு ஒருமுறை நீரைக் கொட்டி, சோப்பின்றித் தேங்காய் நாரினால் தேய்த்து, வெயிலிற் காயவைக்க. இல்லையேற் பாசி பிடிக்கும். பானையிற் கையை விட்டு மொள்ளாமல் நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையோ, பானையிற் பொருத்திய குழாயோ கொள்ளுக. அசுத்த நீரை மண்பானை சுத்தமாக்கிவிடாது. காய்ச்ச வேண்டிய நீரைக் காய்ச்சியே ஊற்றல் வேண்டும்.

இறுதியாக, நம் சங்கத்தார் அனைவரும் சிந்திக்க வேண்டியவை சில. சரியாக வேகாத பானை கசிந்தும் உதிர்ந்தும் போகும். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை பானைக் கடைக்கு வாரார். ஆகவே களிமண்ணைக் கல் நீக்கி நன்கு மிதித்து, அடியைப் பலகையாற் சீராகத் தட்டி, சூளையில் முற்றச் சுட்டு விற்பதே நம் முதற் கடமை. மண் கிடைப்பதில்லை என்னும் பழைய குறைக்கு இப்போது ஓரளவு பரிகாரம் உண்டு. ஏரி குளங்களின் வண்டலையும் களிமண்ணையும் மண்பாண்டத் தொழிலாளர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள விதியுண்டு. அதற்கு அனுமதி தரும் அதிகாரம் 2024-ல் தாசில்தார் அளவிற்கே கொண்டுவரப்பட்டது. இதனை அறியாது இன்னும் விலைகொடுத்து மண் வாங்குவோர்க்கு அறிந்தவர் எடுத்துச் சொல்லி, மனு எழுதவும் துணைசெய்தல் வேண்டும்.

சங்கத்தின் கூட்டங்களிலும், நம் வீட்டுக் கலியாணங்களிலும் காகிதக் கோப்பையையும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியையும் காணும்போது நமக்கு உண்டாகும் வெட்கத்தை இங்கே மறைக்க வேண்டியதில்லை. குலாலர் கலியாணத்திற் குலாலர் வனைந்த குவளையில் நீர் அளிக்க இயலாதாயின், அதனை வேறெவர் செய்வர்? புகுந்த வீடு செல்லும் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் பாத்திரங்களோடு, நன்கு சுட்ட தண்ணீர்ப் பானை ஒன்றும் தயிர்ச் சட்டி ஒன்றும் சேர்த்தனுப்புதலை நாம் வழக்கமாக்கிக் கொள்வோமாக. அதன் விலை சொற்பம்; அது அவ்வீட்டிற்குக் கொண்டுசெல்லும் நன்மை சொற்பமன்று.

பல்லாயிரம் ஆண்டுகளாக இந்நாட்டு மக்களின் தாகத்தைத் தணித்த கலம் நம் கையிற் பிறந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் அது நம் வீட்டிலிருந்தே வெளியேறிற்று. அது மீளுமாயின் நம் வீட்டின் வழியாகவே மீளல் வேண்டும். வருகின்ற தீபத்தன்று வாயிலில் அகல் ஏற்றுமுன், ஒவ்வொரு சகோதரியும் சகோதரரும் தம் வீட்டின் மூலையிற் புதிய பானை ஒன்றில் நீர் நிரப்பி வைப்பார்களாக. அந்நீரை முதலிற் குழந்தைகளுக்குக் கொடுத்து, பின் நாமும் பருகுவோம். உண்ணாமுலையம்மை உடனாகிய அண்ணாமலையார் நம் முயற்சிக்குத் துணைநிற்பாராக.

சுபம்.